பொருள்: எலும்பில் அலுமினியம் சேர்வதற்கு ஒரு சொல் (நாளை அச்சு)

நாகர்கோவில்:
அன்பர்களே, டயாலிசிஸ் செய்பவர்களுக்கான துண்டறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது. உணவில் வரும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் ஏறாது. ஏறியதும் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் செயலிழந்தால் அந்த வழி அடைபடுகிறது. எலும்பில் புதிதாகச் சுண்ணாம்பு ஏறும் ஓரத்தில் அலுமினியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. எலும்பு கட்டும் செல்களும் சோர்ந்துபோகும். புது எலும்பு இறுகாமல் வலி, முறிவு. 'அலுமினிய நச்சேற்றம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தக்கலை:
டீச்சர், நச்சேற்றம் என்றால் யாரோ விஷம் வைத்த மாதிரி இருக்கிறது. 'என்புப்படிவு' என்க. 'என்பும் உரியர் பிறர்க்கு' என்ற குறளைப் படித்த எவருக்கும் என்பு என்றால் எலும்பு என்று புரியும். அலுமினியத்துக்கும் தமிழ்ப்பெயர் வேண்டும். லத்தீனில் அலுமென் என்றால் படிகாரம், ஆகவே 'படிகாரியம்'. கலங்கலைப் படியவைக்கும் காரம் என்பதே படிகாரம் என்பது என் துணிபு.

மார்த்தாண்டம்:
ஐயா, படிகம் போன்ற காரம் என்பதே பொருத்தம். அதை விடுவோம். படிவு என்றால் துடைத்தால் போய்விடும் என்று தோன்றும். போக வழியில்லாமல் நிற்பது 'தேக்கம்'. நோயின் காரணமே அதுதானே?

குலசேகரம்:
அண்ணாச்சி, படிகாரியம் என்றால் சவரக்கடைக் கட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் படிகாரத்தை எடுத்தது நல்லது. 1970களில் வெளிநாடுகளில் குடிநீரைத் தெளியவைக்கப் போட்ட படிகாரம் டயாலிசிஸ் நீர் வழியே இரத்தத்தில் ஏறித்தான் பலருக்கு எலும்பு முறிந்தது. ஆர்.ஓ. நீர்ச் சுத்திகரிப்பு வந்தபின் குறைந்தது. என் கவலை வேறு. எங்க அம்மைக்கு அலுமினியச் சட்டி 'ஈயச்சட்டி'யாக்கும். 'ஈயச்சட்டி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அலுமினியமே' என்று ஒரு வரி போடுங்கள். புளிப்பில் அலுமினியம் கரையும், அதனால் புளிக்கறியை மண்சட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு உள்ள நெஞ்செரிச்சல் மருந்தை டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது என்பதும் வேண்டும். அந்த மருந்தோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் சாற்றிலுள்ள சிட்ரேட் அலுமினியத்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கும். சொல்லைவிட இது முக்கியம்.

தக்கலை:
தேக்கம் பேச்சிப்பாறை அணை நீருக்குச் சரி. எலும்பில் அது அடுக்காகப் படிகிறது. சாயமேற்றிய எலும்புத் துண்டில் கோடாகவே தெரியும். கோட்டுக்குப் போய்த் தேக்கமா?

மார்த்தாண்டம்:
கோடு மருத்துவர் கண்ணுக்கு. நோயாளிக்குத் தெரிய வேண்டியது வெளியேறாமல் நிற்பது.

நாகர்கோவில்:
மணி பதினொன்றாகிவிட்டது. 'எலும்பில் அலுமினியத் தேக்கம்' என்றே அனுப்புகிறேன். ஈயச்சட்டி, மருந்து வரிகளையும் சேர்த்தாயிற்று.

தக்கலை:
துண்டறிக்கைக்கு ஆகட்டும். கலைச்சொல் பட்டியலில் தேக்கத்தை ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. நாளை அங்கே எழுதுகிறேன்.