கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடுகிறேன், வழி சொல்லுங்கள்

கேள்வி: கொள்ளுப்பேத்தி

என் மகளுக்கு 11 வயது. போன வாரம் பெரிய தாள் ஒன்றை விரித்துவைத்துக் குடும்பக் கொடிவழியை வரைந்தாள். அவள் அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்கள் தடையின்றி வந்தன. என் பக்கம் வந்ததும் அம்மா, அம்மாவின் அம்மா என்று இரண்டு கட்டம் ஏறி நின்றுவிட்டது. பாட்டியைப் பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பாட்டி உயிரோடு இருந்த காலமெல்லாம் இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அது நெஞ்சை அறுக்கிறது.

மிச்சம் இருப்பவர் பாட்டியின் தங்கை, 88 வயதுச் சின்னப்பாட்டி. காது மந்தம், நினைவு தெளிவு. "அம்மாவுக்குப் பெயர் ஏதடி? அம்மாதான்" என்கிறார். அவருடைய அப்பா "இந்தா" என்றுதான் கூப்பிடுவாராம்.

கையில் இருப்பது ஒரு பழைய பத்திரத்தின் கடைசித் தாள். அடியில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் "மனைவி" என்ற சொல்லும் இருக்கின்றன. அதற்கு மேல் பூச்சி அரித்துவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேகை வரிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஆழமாக வெட்டுப்பட்டு ஆறிய தழும்பாக இருக்க வேண்டும். அன்று அந்த விரலுக்கு யார் துணி சுற்றினார்களோ.

"இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விரலின் தழும்பு வரை பார்த்துவிட்டேன், பெயர் சொல்லிக் கும்பிட முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பழையஏடு

அம்மா, முதலில் அந்தத் தாளைக் காப்பாற்றுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பலரும் லேமினேட் செய்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. படம் எடுத்துக்கொண்டு, மடிக்காமல் உறையில் வையுங்கள். பழைய புகைப்படங்கள் இருந்தால், யார் யார் என்று பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

பத்திரம் பதிவானது என்றால் பதிவு அலுவலகத்தில் நகல் இருக்கக்கூடும். எழுதிக்கொடுத்தவர் இன்னார் மகள், இன்னார் மனைவி என்ற விவரம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். உங்களிடம் உள்ள தாளில் பதிவு எண்ணோ முத்திரையோ தெரிகிறதா என்று பாருங்கள்.

சின்னப்பாட்டியிடம் "பெயர் என்ன" என்று கேட்காதீர்கள். அவர் மகளாக இருந்துதான் பதில் சொல்வார். "பக்கத்து வீட்டுக்காரி உங்கள் அம்மாவை எப்படிக் கூப்பிடுவாள்? அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று என்ன சொல்லி அழைப்பார்?" என்று கேளுங்கள். குரல் நினைவுக்கு வந்தால் பெயரும் கூடவே வரும். பேசுவதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று: பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது முன்னோரின் பெயரைத் தாங்கியவன், என்பதிலிருந்து வந்ததுதான். பேத்திகளில் யாருக்காவது உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரை வைத்திருக்கலாம்.

பதில்: உயிரணு

உங்கள் மகளிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். பெற்றோர் 2, அவர்களைப் பெற்றவர்கள் 4, அதற்கு மேல் 8. பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். முப்பதாவதில் 107 கோடியைத் தாண்டும். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஒரே மனிதர் பல வழிகளில் நமக்கு மூதாதையாக வந்திருக்கிறார் என்பதுதான் இதற்கு விடை. எங்கள் வம்சம் தனி என்று யாரும் மார்தட்ட இதில் இடமில்லை. ஐந்து ஆண்களின் பெயர் தெரிவது நல்லதே, ஆனால் அது ஒரே ஒரு இழைதான்.

நம் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. கொள்ளுப்பாட்டியிடமிருந்து பாட்டி, அம்மா, நீங்கள், உங்கள் மகள் என்று அது ஏறக்குறைய மாறாமல் இறங்கியிருக்கிறது. பெயரைத்தான் தொலைத்திருக்கிறீர்கள்.

பதில்: கணக்கேடு

தேடுங்கள். ஆனால் கிடைப்பது எல்லாம் கும்பிடத் தக்கதாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். என் கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்தபோது நானும் துள்ளிக் குதித்தேன். முத்து முத்தான எழுத்து. நான்காம் பக்கத்தில், வட்டி கட்ட முடியாத ஒரு விதவையின் வீட்டை எடுத்துக்கொண்டதை அதே அழகான எழுத்தில் எழுதியிருக்கிறார். பல நாள் அந்த நோட்டைத் தொடவில்லை. பிறகு என் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். அவருடைய உழைப்பில் படித்தவர்கள் நாங்கள். அந்த வீட்டிலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும்: கொள்ளுப்பேத்தி

மூவருக்கும் நன்றி. நேற்று சின்னப்பாட்டியிடம் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சுவருக்கு அப்பால் நின்று அழைப்பதுபோலக் கழுத்தை நீட்டி, குரலை உயர்த்தி ஒரு பெயரைச் சொன்னார். சொன்னதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அது இட்ட பெயரா, கூப்பிடும் பெயரா என்று அவருக்கு உறுதியில்லை. மகள் அதைக் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். தாளின் மூலையில் பாதி முத்திரை தெரிகிறது. திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன்.