பழைய டிவிக்கு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: வாங்கும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மந்தைவெளிவாசி:
அனைவருக்கும் வணக்கம். மந்தைவெளியில் பழைய அடுக்ககம் ஒன்றில் பெற்றோருடன் வசிக்கிறேன். எங்களிடம் இருப்பது ஸ்மார்ட் வசதி இல்லாத 32 அங்குல முழு எச்டி டிவி. அதன் பின்புறம் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டுகளும் ஒரு யுஎஸ்பி போர்ட்டும் உள்ளன. ஓர் எச்டிஎம்ஐ போர்ட்டில் கேபிள் செட்டாப் பாக்ஸ் மாட்டப்பட்டிருக்கிறது. ரவுட்டர் வாசல் பக்க அறையில் இருக்கிறது. அதற்கும் டிவி உள்ள கூடத்துக்கும் இடையே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அப்பாவுக்குக் கிரிக்கெட்டும் மார்கழிக் கச்சேரிகளும் வேண்டும், அம்மாவுக்கு மாலைத் தொடர்கள் வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகி இணையம் வழியாகப் படம் பார்க்க உதவும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்க எண்ணுகிறேன். முழு எச்டியைவிட அதிகப் புள்ளிகளில் படம் தரும் 4கே ஸ்டிக் வாங்க வேண்டுமா, சாதாரண ஸ்டிக் போதுமா? வாங்கிய பின் கேபிளை நிறுத்திவிடலாமா? என் கைப்பேசி ரீசார்ஜுடன் வரும் நெட்ஃபிளிக்ஸ் சந்தாவையே டிவியிலும் பயன்படுத்த எண்ணியுள்ளேன். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடைக்காரர் ஒருவர், எல்லா சேனலும் ஆயுள் முழுவதும் இலவசம் என்று சொல்லி ஓர் ஆண்ட்ராய்டு பாக்ஸைக் காட்டினார். அதைப் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்வடம்:
முதலில் அந்த நெட்ஃபிளிக்ஸ் சந்தா எந்த வகை என்று பாருங்கள். ரீசார்ஜுடன் வருவது பல நேரங்களில் மொபைல் திட்டமாக இருக்கும். அது கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் மட்டுமே ஓடும், எந்த ஸ்டிக்கை மாட்டினாலும் டிவியில் ஓடாது. சில ரீசார்ஜுகளில் பேசிக் திட்டம் வருகிறது. அது டிவியில் ஓடும், ஆனால் படம் முழு எச்டிக்குக் குறைவான 720பி அளவோடு நின்றுவிடும். மற்ற ஓடிடிகளிலும் மொபைலுக்கென்றே மலிவுத் திட்டங்கள் இருப்பதால், எதற்கும் பணம் கட்டுமுன் டிவி என்ற சொல் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

உங்கள் டிவி காட்டக்கூடியது 1920 x 1080 புள்ளிகள்தான் என்பதால் 4கே ஸ்டிக்கினால் படம் ஒரு துளியும் கூடுதல் தெளிவு பெறாது. ஆனாலும் சில 4கே மாடல்களில் நினைவகம் 2 ஜிபி, சாதாரண மாடலில் 1 ஜிபி. ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அந்த வேறுபாடு தெரியும். ஓரிரு ஆண்டுகளில் டிவியை மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள்.

இந்த வீட்டில் உண்மையான சிக்கல் ஸ்டிக் அன்று, சுவர். ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த செங்கல் சுவரைத் தாண்டும்போது வெகுவாக வலுவிழக்கும். 2.4 ஓரளவு தாண்டிவிடும். ஆனால் அடுக்ககத்தில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் அதே அலைவரிசையில் நெரிந்துகொண்டிருக்கும். எனவே ஸ்டிக் வாங்கும் முன், இரவு எட்டு மணிக்கு மேல், கைப்பேசியை டிவியின் பின்புறமே பிடித்து ஃபாஸ்ட்.காம் தளத்தில் இரண்டு அலைவரிசைகளிலும் வேகத்தைச் சோதியுங்கள். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் தேவை என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவு. ரவுட்டருக்கு அருகில் நின்று சோதித்துவிட்டு நூறு வருகிறது என்று மகிழ்வதில் பொருளில்லை. வேகம் போதாவிட்டால் ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றித் தரும்படி இணைப்புக் கொடுத்தவரிடமே கேளுங்கள். அதுவும் முடியாதபோது, வீட்டின் பல இடங்களில் வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவிகளைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று மின்சாரம். பழைய டிவிகளின் யுஎஸ்பி போர்ட் வழக்கமாக 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு அது போதாமல், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து மறுபடி லோகோவிலிருந்து தொடங்கும். பலர் இதைக் கருவியின் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்கிறார்கள். பெட்டியில் வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் செருகுங்கள். உடன் ஒரு சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வடம் இருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டாம். டிவியின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்கைச் சற்று வெளியே தொங்கவிட்டால் வைஃபை தெளிவாகக் கிடைப்பதுடன் சூடும் குறையும்.

திருவல்லிக்கேணி டவர்:
அந்த ஆண்ட்ராய்டு பாக்ஸைத் தொடவே வேண்டாம். ஓடிடி நிறுவனங்கள் எச்டி படத்தை அனுப்புவதற்குக் கருவியில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று கேட்கும். பெயர் தெரியாத பாக்ஸ்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே நீங்கள் முறையாகச் சந்தா கட்டியிருந்தாலும் படம் மங்கலாகவே வரும், அல்லது செயலி திறக்கவே மறுக்கும். இலவச சேனல்கள் என்பது திருட்டு ஒளிபரப்பன்றி வேறில்லை. அதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு: இத்தகைய மலிவு பாக்ஸ்கள் பலவற்றில் பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் புகுந்து, வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகளின் பயன்பாட்டுக்குத் திறந்துவிடுகிறது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே வைஃபையில் அப்படி ஒரு பொருளை எதற்காக அமர்த்த வேண்டும்? ரிச்சி தெருவுக்கு எச்டிஎம்ஐ வடம் வாங்கப் போங்கள், அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும்.

கேபிளை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள் என்பது என் கருத்து. தொடர்கள் எல்லாம் ஓடிடியில் இருக்கின்றன, மறுக்கவில்லை. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று மூன்று சந்தாக்களைக் கூட்டிப் பார்த்து, கேபிள்காரருக்கு மாதம் கொடுக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். டிடி தமிழை, அதாவது 2024 ஜனவரி வரை பொதிகையாக இருந்ததை, பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியில் பார்க்கலாம். கிரிக்கெட்டில் வேறொரு தொல்லை இருக்கிறது. இணையவழி நேரலை, கேபிளைவிடப் பல நொடிகள் பின்தங்கி வருகிறது. பக்கத்து வீட்டில் விசில் அடித்து ஓய்ந்த பிறகுதான் உங்கள் டிவியில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும். சேப்பாக்கம் மைதானத்தின் ஆரவாரம் சன்னல் வழியாகவே கேட்கும் எங்கள் தெருவில் ஓடிடியில் ஆட்டம் பார்ப்பது வீண்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை முறிந்து ஃபைபர் அறுந்தால் ஆள் வருவதற்கு நாளாகலாம். அப்போது வீட்டில் இரண்டு வழிகள் இருப்பது நல்லது. வரும் மழைக்காலம் முடிந்த பின், அம்மா கேபிளை எவ்வளவு பார்க்கிறார் என்று கவனித்து முடிவெடுங்கள்.

மந்தைவெளிவாசி:
இருவருக்கும் நன்றி. சந்தா மொபைல் திட்டம்தான் என்று தெரிந்தது. டிவிக்குப் பின்னால் 2.4-இல் 11 எம்பிபிஎஸ் வருகிறது, 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே தென்படவே இல்லை. எனவே சாதாரண ஸ்டிக்கையே வாங்கப்போகிறேன். ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது: கேபிளையும் வைத்துக்கொண்டால் அம்மா மூன்று ரிமோட்டுகளோடு திண்டாட மாட்டாரா?

மின்வடம்:
டிவியும் அதில் மாட்டிய கருவிகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் எச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதியை டிவியின் அமைப்புகளில் தேடி இயக்குங்கள். நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அது இயங்கினால், அப்பா ஸ்டிக் ரிமோட்டில் வீட்டுப் படமுள்ள பொத்தானை அழுத்தியதும் டிவி தானாகவே ஸ்டிக்குக்கு மாறிவிடும். கேபிளுக்குத் திரும்புவதுதான் சிரமம், ஏனெனில் கேபிள் பாக்ஸ்கள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. அதற்கு டிவி ரிமோட்டின் சோர்ஸ் பொத்தானை அழுத்தி, கேபிள் பாக்ஸ் மாட்டிய எச்டிஎம்ஐ போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பொத்தானின் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். ஸ்டிக்கின் கணக்கில், பொருள் வாங்குவதற்கான ரகசிய எண்ணை (PIN) முதல் நாளே போட்டுவிடுங்கள். இல்லையெனில் கச்சேரி தேடும்போது கைதவறி ஏதேனும் படத்தை வாடகைக்கு எடுத்துவிடக்கூடும்.