1850ஆம் ஆண்டு ஊரில் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது?

சாவிக்கொத்து:

வணக்கம் நண்பர்களே. நான் ஒரு வரலாற்றுத் தீம் பார்க்கில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 1850இல் ஒரு சிறிய துறைமுக ஊர் எப்படி இருந்திருக்குமோ அப்படிக் காட்டுவதற்காகக் கட்டிய இடம். கடைத்தெரு, கொல்லன் பட்டறை, அச்சகம், பள்ளிக்கூடம், படகுத்துறை எல்லாம் உண்டு. கட்டியவர்கள் உண்மையிலேயே மெனக்கெட்டிருக்கிறார்கள், கதவுக் கீல்கூட அடித்துச் செய்தது. ஆனால் அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும் அவசரத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனதில், இன்றைக்குப் படகுத்துறையில் நைலான் கயிறு, பள்ளிக்கூடச் சுவரில் பேட்டரிக் கடிகாரம், கடைத்தெரு முழுக்க "பழைய மாதிரி" என்று சொல்லி வாங்கிய, உள்ளே கம்பி ஜொலிக்கிற பல்புகள், இதெல்லாம் போதாதென்று ஸ்பீக்கரில் பாட்டு வேறு.

போன வாரம் மேலாளர் அச்சகத்துக்கு வெளியே நீல நிறப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி நான்கு வைக்கச் சொன்னார். கண்ணை உறுத்துகிறதே சார் என்றேன். "1850இல் குப்பையே இல்லையா?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை, வைத்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான்: காலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் எதுவரை? தீயணைப்பானை மறைக்க முடியாது, வீல்சேர் சாய்தளத்தை எடுக்க முடியாது, அது எனக்கும் தெரியும். மீதியில் எதற்குச் சண்டை போடலாம், எதை விட்டுவிடலாம்? இந்த மாதிரி இடங்களில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


நேர்ப்பேச்சு:

வருகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்க்ரூவையும் கீலையும் எவனும் பார்ப்பதில்லை. குழந்தைகளோடு வருகிறவனுக்கு நிழல், தண்ணீர், சுத்தமான கழிப்பறை, கையில் இருக்கும் காகிதத்தைப் போட ஒரு தொட்டி. நீங்கள் தொட்டியை ஒளித்து வைத்தால் குப்பை தரையில் கிடக்கும், அது எந்த நூற்றாண்டு என்று அப்புறம் விவாதித்துக்கொள்ளலாம்.

அதோடு, முழு உண்மைதான் வேண்டும் என்றால் 1850 துறைமுக ஊரில் காலரா வரும். குடிதண்ணீரில்தான் அது பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு அடிபம்பைக் காட்டிச் சொன்னதே 1854இல். அதையும் வைக்கப் போகிறீர்களா? எங்கோ ஒரு இடத்தில் எல்லாருமே விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும், அப்புறம் நான்கு தொட்டிக்கு என்ன இவ்வளவு வருத்தம்.


ஊசிமுனை:

மேலே சொன்னவர் பாதிதான் சரி. ஸ்க்ரூவை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் எதிரில் நின்று பேசுகிற ஆளின் சட்டையை எல்லாரும் பார்ப்பார்கள். பதினைந்து வருடமாக இப்படிப்பட்ட இடங்களுக்கு உடை தைக்கிறேன், என் பங்கைச் சொல்கிறேன்.

தம்பி, உங்களுக்கு 1850 என்று ஒரு வருடம் கிடைத்திருப்பதே வரம். "பத்தொன்பதாம் நூற்றாண்டு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தால் தொலைந்தீர்கள், எவனும் எதையும் உள்ளே கொண்டுவந்துவிடுவான். வருடம் தெரிந்தால் கேள்விக்கு விடை இருக்கிறது. பளீரென்ற ஊதா கவுன் வேண்டும் என்று ஒரு முறை கேட்டார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற அந்தச் செயற்கைச் சாய ஊதாவை வில்லியம் பெர்கின் கண்டுபிடித்தது 1856இல், அதுவும் மலேரியாவுக்கு க்வினைன் செய்யப் போய்த் தற்செயலாக. உங்கள் ஊருக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அதற்கு முன்னால் மஞ்சிட்டி வேரின் சிவப்பு, அவுரியின் நீலம், செடிகொடியில் எடுத்த மஞ்சள் என்றுதான் ஓடும். மங்கலாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், நல்ல அவுரி நீலம் கண்ணைப் பறிக்கும், ஆனால் பிளாஸ்டிக் மினுமினுப்பு இருக்காது.

தையலும் அப்படித்தான். எலியாஸ் ஹோவ் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1846, சிங்கர் வாங்கியது 1851. அதனால் 1850இல் ஒரு சாதாரண மீன்காரியின் ரவிக்கையில் எந்திரத் தையல் ஓடினால் அது பொய். நான் என்ன செய்வேன் என்றால், உள்ளே தெரியாத நீளத் தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, கழுத்து, கைமுனை, பட்டன் துளை, கீழ்மடிப்பு மட்டும் கையால் தைப்பேன். முழுக்கக் கையால் தைத்தால் உங்கள் மேலாளர் மயங்கி விழுந்துவிடுவார். ஓவர்லாக் ஓரம், அதாவது நூல் பிரியாமலிருக்க மெஷினில் பின்னித் தைத்த துணி விளிம்பு, மட்டும் எங்கேயும் எட்டிப்பார்க்கக் கூடாது. ஜிப் கூடவே கூடாது. ஊக்கு வைத்துக்கொள்ளலாம், வால்டர் ஹண்ட் 1849இல் காப்புரிமை வாங்கிவிட்டார், உங்கள் ஊருக்கு அது புத்தம்புதுச் சமாச்சாரம். கடைக்காரர் அதைப் பெருமையாகக் காட்டி விற்கிற மாதிரி ஒரு காட்சியே வைக்கலாமே.

சட்டையைவிட எனக்குத் தலைவலி கொடுத்தது கைக்கடிகாரமும் நகப்பூச்சும்தான். காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வேண்டாத வேலை, ஆனால் யாராவது செய்யத்தான் வேண்டும்.


சாவிக்கொத்து:

அக்கா, ஊக்கு யோசனை அருமை, கடைத்தெருப் பொறுப்பாளரிடம் இன்றைக்கே சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூட ஆசிரியை அணிந்திருப்பது ஊதா கவுன்தான், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நேர்ப்பேச்சு நண்பரே, தொட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீலப் பிளாஸ்டிக் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.


மரத்தூள்:

செட் வேலை, மரவேலை என் தொழில். குப்பைத்தொட்டிக்குப் பதில் ரொம்பச் சுலபம், துறைமுக ஊரில் பீப்பாய்க்கா பஞ்சம்? பழைய பீப்பாயை வாங்கி, உள்ளே பிளாஸ்டிக் வாளியைப் பை மாட்டி இறக்கி, மேலே ஓட்டை போட்ட பலகையை மூடியாக வையுங்கள். பின்பக்கம் ஒரு கதவு வெட்டிவிட்டால் காலி செய்கிற ஆளுக்கும் முதுகு ஒடியாது.

எதற்குச் சண்டை போடலாம் என்று கேட்டீர்கள். நான் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் கண் போகிற வழியைப் பார்ப்பேன். தெருவின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள், பக்கத்து நெடுஞ்சாலையோ செல்போன் கோபுரமோ தெரிந்தால் நீங்கள் ஆயிரம் கீல் அடித்தும் பிரயோஜனமில்லை. 1955இல் டிஸ்னிலேண்ட் கட்டியபோது சுற்றிலும் மண்மேடு எழுப்பி வெளியுலகத்தை மறைத்தார்கள். 1971இல் ஃப்ளோரிடாவில் திறந்த மேஜிக் கிங்டமில் இன்னும் ஒரு படி மேலே போய், பணியாளர்கள் நடமாடக் கீழே தனி வழிகளே கட்டினார்கள், ஏனென்றால் கௌபாய் வேடக்காரர் பூங்காவின் எதிர்கால உலகப் பகுதி வழியாக நடந்துபோனால் இரண்டு இடமும் கெட்டுவிடும். அது விளையாட்டுப் பூங்கா, வரலாற்றில் அவ்வளவு சுத்தம் பார்க்கிற இடம் கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவர்களைப்போலப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. உங்களுக்குச் சுரங்கம் வேண்டாம், மரங்களும் ஒரு வேலியும் போதும்.

அடுத்தது காது. ஸ்பீக்கரை இன்றைக்கே அணையுங்கள். பதிவு செய்த ஒலியைத் திரும்பக் கேட்கிற எடிசன் ஃபோனோகிராஃப் 1877இல்தான். பாட்டு வேண்டுமென்றால் ஒரு ஆள் பாடட்டும், இல்லையென்றால் சுத்தியல் சத்தமும் அச்சகக் கைப்பிடி இழுக்கிற சத்தமும் போதும். ஸ்பீக்கர் பாட்டு எல்லாவற்றுக்கும் மேலே ஜமுக்காளம் விரித்த மாதிரி உட்கார்ந்துவிடும், கீழே இருப்பது எதுவும் கேட்காது.

அந்தக் கம்பி பல்பு இருக்கிறதே, அது எனக்குப் பரம எதிரி. எடிசனின் பல்பு 1879, உங்கள் ஊருக்கு 29 வருடம் கழித்து வரவேண்டியது. "பழசு மாதிரி" என்பது வேறு, "அந்தக் காலத்து" என்பது வேறு, வாங்குகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். மண்ணெண்ணெய் விளக்குகூட 1850களின் நடுவில்தான் பரவுகிறது. மெழுகுவத்தி, திமிங்கில எண்ணெய், கொஞ்சம் வசதியான ஊரென்றால் தெருவில் கேஸ் விளக்கு. நிஜத் தீ வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் விளக்குக் கூண்டுக்குள் எல்இடியை வைத்து, கண்ணாடிக்குப் புகையடித்த மாதிரி பூச்சுக் கொடுங்கள், பல்பு கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் வரட்டும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. தலையில் கூட்டல் குறி இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ 1930களில் வந்தது, தெரிகிற இடத்தில் ஒற்றைக் கோடு ஸ்க்ரூவோ ஆணியோ போடுங்கள். போர்டுகளில் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தையெல்லாம் அடிக்காதீர்கள், ஹெல்வெட்டிகா 1957, ஆனால் கிளாரண்டன் 1845, அது உங்களுக்குச் செல்லும். புல்தரையை மொட்டையடித்த மாதிரி வைக்காதீர்கள், புல்வெட்டும் எந்திரம் 1830இலேயே வந்துவிட்டது என்றாலும் கொல்லன் வீட்டு வாசலுக்கு அது எதற்கு வரப்போகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் வெட்கப்படவே வேண்டாம். பிரான்சில் கெதெலோன் என்ற இடத்தில் 1997இலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டை கட்டுகிறார்கள், அங்கேயே வெட்டிய கல், அங்கேயே வெட்டிய மரம், ஆள் உள்ளே நடந்து சுற்றுகிற சக்கரத்தால் கல் தூக்குகிறார்கள். அவ்வளவு பிடிவாதக்காரர்களே பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். நோத்ர்-தாம் தேவாலயம் 2019இல் எரிந்தபின் கூரை மரவேலைக்கு அங்கே கைபழகிய தச்சர்களும் போனார்கள், அதனால் இதெல்லாம் வெறும் வேடிக்கை என்றும் சொல்ல முடியாது. எமர்ஜென்சி எக்ஸிட் போர்டு பச்சையாகவே எரியட்டும்.


பழுப்புத்தாள்:

எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் பட்டியலைப் பிடித்துக்கொண்டே போனால் வேறொரு தவறு வரும். 1850 ஊரில் எல்லாப் பொருளும் 1850இல் வாங்கியதாக இருந்தால் அதுவும் பொய்தான். ஒரு வீட்டில் பாட்டி காலத்து நாற்காலி, அப்பா காலத்துப் பெட்டி, ஒட்டுப்போட்ட பானை, நேற்று வாங்கிய கத்தி எல்லாம் கலந்துதான் இருக்கும். பின்னால் வந்தது நுழையக் கூடாது, முன்னால் இருந்தது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அதேபோல் புதுசு போலப் பளபளப்பதும் கூடாது. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தபோது நாங்கள் அதிகம் செலவழித்தது பொருளை அழுக்காக்கத்தான்.

அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் ராக்ஃபெல்லர் பணத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு நகரத்தை மீட்கத் தொடங்கினார்கள், பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்தார்கள். சுவர்களுக்கு அடக்கமான, கண்ணியமான நிறங்கள் அடித்தார்கள். பல வருடம் கழித்துப் பழைய பெயின்ட் அடுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் துணிச்சலான நிறம் அடித்திருக்கிறார்கள். ஆக, முதலில் கட்டியது பதினெட்டாம் நூற்றாண்டைவிட, 1930களின் ஆட்களுக்குப் பிடித்த பதினெட்டாம் நூற்றாண்டு.

பெயின்ட்டாவது மாற்றிவிடலாம். அந்த நகர மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர், பெரும்பாலும் அடிமைகள். பல பத்தாண்டுகள் அவர்கள் கதை அங்கே ஓரமாகத்தான் இருந்தது. 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது எதிர்ப்பும் வந்தது, பார்த்து அழுதவர்களும் உண்டு. அதற்கு முன்னால் கீல் சரியாக இருந்தது, பட்டன் சரியாக இருந்தது, ஊரில் பாதிப்பேரைக் காணோம். இதுதான் எனக்குப் பெரிய பிழை. உங்கள் 1850 துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே? துணி துவைக்கிறவர்கள்? எல்லாரும் கடை முதலாளியாகவும் ஆசிரியையாகவும் இருந்தால் ஊர் எப்படி ஓடியது? நேர்ப்பேச்சு கிண்டலாகச் சொன்ன காலராவை நான் நிஜமாகவே வைப்பேன். ஒரு வீட்டுக் கதவை அடைத்து, ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்லட்டும். செலவே இல்லை.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸில் ப்ளிமத் என்ற இடத்தில் 1620களின் ஆங்கிலேயர் குடியிருப்பில் வேடமிட்டவர்கள் அந்தக் காலத்து ஆளாகவே பேசுவார்கள், கேமராவைக் காட்டினால் என்ன அது என்பார்கள். அதே இடத்தில் வாம்பனோவாக் பழங்குடிப் பகுதியில் இருப்பவர்கள் உண்மையிலேயே பழங்குடியினர், அவர்கள் இன்றைய மனிதர்களாகவே நின்று தங்கள் முன்னோரைப் பற்றிப் பேசுவார்கள். நடிப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தாது, கட்டாயப்படுத்தவும் கூடாது.


நேர்ப்பேச்சு:

சரி, அடைத்த கதவு நல்லா இருக்கு, ஒத்துக்கொள்கிறேன். அதை நான் நின்று கேட்பேன். ஸ்க்ரூ விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன்.


சாவிக்கொத்து:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் வந்து எழுதுகிறேன்.

பீப்பாய் நான்கும் வைத்தாச்சு. முதல் மூன்று நாள் ஒருவரும் அதில் குப்பை போடவில்லை, பீப்பாய் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், குப்பையைத் தரையில் போட்டார்கள். நேர்ப்பேச்சு சிரிக்கட்டும். அப்புறம் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே கசங்கிய காகிதம் கொஞ்சம் தெரிகிற மாதிரி வைத்தோம், இப்போது ஒழுங்காகப் போடுகிறார்கள்.

ஸ்பீக்கர் அணைந்தது. மேலாளர் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார், "என்ன, கொல்லன் பட்டறையில் இன்றைக்கு அதிகமாக வேலை செய்கிறார்களா?" என்று கேட்டார். பல்புக்கு அடுத்த வருடம்தான் பணம் என்கிறார். ஆசிரியையின் கவுனைப் பற்றி இன்னும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊசிமுனை அக்கா, அவுரி நீலத்தில் அதே அளவுக்கு ஒன்று தைக்க எவ்வளவு நாள் ஆகும்?