பீன்ஸ் புரிட்டோ சாப்பிட்ட அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து:

அமெரிக்கா வரும் சைவக்காரர்கள் வெளியில் என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது பீன்ஸ் புரிட்டோதான், பீன்ஸை உள்ளே வைத்துச் சுருட்டித் தரும் மெக்சிகன் சாப்பாடு. மிஷன் பகுதியில் வேலை பார்த்த காலத்தில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அதுவே.

அங்கே அதைக் கட்டுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். பெரிய மைதா டார்ட்டியாவை (சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி) ஆவி வரும் தட்டில் வைத்து மூடியை அழுத்துவார்கள். சில நொடிகளில் அது துணிபோலத் துவண்டுவிடும். "கறுப்பா, பிண்டோவா?" என்று பீன்ஸ் வகையைக் கேட்பார் கவுண்டரில் இருப்பவர்; பிண்டோ என்பது பழுப்பு நிற பீன்ஸ். சொன்னதும் ஓட்டைக் கரண்டியில் பீன்ஸை அள்ளி ஒரு உதறு உதறுவார். அந்த உதறல் இல்லாவிட்டால் பாதியிலேயே அடிப்பக்கம் ஊறிக் கிழிந்து கையெல்லாம் வழியும். அப்புறம் சோறு, சல்சா என்கிற காரமான தக்காளிச் சட்னி, வெங்காயம், கொத்தமல்லி. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கி, கட்டைவிரலால் இறுக்கிக்கொண்டே சுருட்டி அலுமினியத் தாளில் சுற்றித் தருவார். தாளை முழுதாக உரித்துவிடாதீர்கள். கடிக்கக் கடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டு வர வேண்டும்.

இப்படிச் சோறும் வைத்துக் கனமாகக் கட்டுவது இந்த ஊரின் வழக்கம். 1961-இல் நாங்கள்தான் ஆரம்பித்தோம் என்கிறது எல் ஃபாரோ கடை. இல்லை, 1969-இல் நாங்கள் என்கிறது லா கும்ப்ரே. எனக்கு இரண்டும் வேண்டும்!

சத்து என்று பார்த்தால், வெந்த பிண்டோ பீன்ஸ் ஒரு கப்பில் ஏறக்குறைய 15 கிராம் புரதம், அதே அளவு நார்ச்சத்து. ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் பொட்டாசியமும் தாராளம். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், கோதுமையிலும் அரிசியிலும் குறைவாக இருக்கும் லைசின் பீன்ஸில் நிறைய உண்டு, பீன்ஸில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் கிடைத்துவிடும். சைவக்காரருக்கு ஒரே கையடக்கத்தில் இவ்வளவும் கிடைப்பது பெரிய விஷயம். மதியம் ஒன்று சாப்பிட்டால் ராத்திரி வரை பசி எட்டிப் பார்க்காது.

கவனிக்க வேண்டியது மேல் சுற்றுதான். அந்தப் பெரிய டார்ட்டியா மட்டுமே 300 கலோரியைத் தொடும், உப்பும் அதிகம். அதன்மேல் சீஸும் சவர் க்ரீமும் ஏறினால் கணக்கு எங்கேயோ போய்விடும். நான் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சல்சாவைக் கூட்டிக் கேட்பேன்.

எல் பாசோவிலிருந்து:

மேலே எழுதிய நண்பர் சொல்லும் பெரிய உருட்டு எங்கள் பக்கம் எடுபடாது. ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரஸ், புரிட்டோவுக்குப் பேர்போன ஊர். அங்கே சோறு கிடையாது. ஒல்லியான டார்ட்டியா, உள்ளே மசித்த பீன்ஸ், கொஞ்சம் சீஸ், அவ்வளவுதான். வடக்கு மெக்சிகோ கோதுமை விளையும் பகுதி, அதனால்தான் மக்காச்சோளத்தை விட்டு மைதா டார்ட்டியா. பீன்ஸின் மண்வாசனை தனியாகத் தெரிவது இந்தச் சின்ன புரிட்டோவில்தான் என்பேன்.

சைவக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். டார்ட்டியா மாவிலும் அதைச் சேர்ப்பதுண்டு, சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பவர்களும் உண்டு. அம்மா வந்திருந்தபோது ஒரு சின்னக் கடையில் "யேவா மான்தேகா?" (பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா?) என்று ஸ்பானிஷில் பீன்ஸையும் டார்ட்டியாவையும் காட்டிக் கேட்டேன். "ஆமாம், இரண்டிலும் இருக்கிறது" என்று அந்தக் கடைக்கார அம்மா தயங்காமல் சொன்னார். அதோடு விடவில்லை. உள்ளே போய், இன்னும் தாளிக்காத பானை பீன்ஸை அதன் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி, எலுமிச்சை பிழிந்து, சூடான மக்காச்சோள டார்ட்டியாவோடு கொண்டுவந்து வைத்தார். அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். அன்று புரிட்டோ கிடைக்கவில்லை, ஆனால் அந்த அம்மாளின் நேர்மையை நான் மறக்க மாட்டேன். இப்போது தாவர எண்ணெய் பயன்படுத்தும் கடைகளும் நிறைய இருக்கின்றன. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஹூஸ்டனிலிருந்து:

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நாங்கள் வீட்டிலேயே செய்கிறோம். சின்ன கோதுமை டார்ட்டியா, சோறு கிடையாது, பீன்ஸ் நிறைய. பீன்ஸ் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது, அதனால் அவருக்கு ஒத்துப்போகிறது. பிண்டோவை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வைப்போம். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுதான் பதம். சீரகமும் பூண்டும் எண்ணெயில் வதக்கி அதிலேயே மசித்துவிடுவோம். வயிறு உப்பும் என்று பயப்படுகிறவர்கள் முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகலாம்.

பிண்டோ கிடைக்காமல் ராஜ்மா போடுகிறவர்களுக்கு ஒன்று: ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள். ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்கிற நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது, வாந்தி பேதி வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு மாற்றுங்கள். டின் பீன்ஸ் என்றால் இந்தக் கவலை இல்லை. குழாயில் அலசிவிட்டால் உப்பும் குறையும். கடைசியில் எலுமிச்சை பிழிய மறக்க வேண்டாம், பீன்ஸில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.