கீழக்கரை பழைய வீடு: தீப்பிடித்த அடுப்பங்கரை, ஊறிப்போன சுண்ணாம்புச் சுவர். வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேட்பவர்: நடுத்தெரு வீடு

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். கீழக்கரையில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் போன வாரம் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து தீப்பிடித்துவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், யாருக்கும் காயமில்லை. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. நான் துபாயில் இருக்கிறேன். தம்பி அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முன்கட்டு பாட்டனார் காலத்தது. பவளக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்தரம் போட்டு, மேலே செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளம். பின்கட்டில் அடுப்பங்கரை மட்டும் வாப்பா பிற்பாடு கட்டிய கான்கிரீட். இப்போது நிலைமை இதுதான்: அடுப்பங்கரை மேல்தளத்தில் பூச்சு பொரிந்து விழுந்து ஓரிடத்தில் கம்பி தெரிகிறது. கான்கிரீட் லேசாக ரோஸ் நிறமாக இருக்கிறது. அதை ஒட்டிய கூடத்துச் சுவர் நெஞ்சு உயரத்துக்கு ஊறி, உப்புப் பூக்கத் தொடங்கிவிட்டது. வீடு முழுக்கக் கரி, பிளாஸ்டிக் எரிந்த வாடை.

கொத்தனார், "பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசி, புட்டி வச்சு பெயிண்ட் அடிச்சா பத்து நாள்ல குடியேறலாம்" என்கிறார். உம்மா லாத்தா (அக்கா) வீட்டில் இருந்துகொண்டு தினமும் போன் போட்டு எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. கொத்தனார் சொல்வதைக் கேட்கலாமா? இன்சூரன்ஸ் இருக்கிறது, சர்வேயர் இன்னும் வரவில்லை.

பதில்: கட்டடப் பொறியாளர், ராமநாதபுரம்

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அந்த அடுப்பங்கரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே காலி செய்யச் சொல்லுங்கள். 1000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு டன் எடை. தளத்துக்குக் கீழே ஜாக்கி வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டுக் கொடுக்கும் ஆட்களைத் தவிர யாரும் உள்ளே போக வேண்டாம், மாடியில் துணி காயப்போடவும் வேண்டாம்.

ரோஸ் நிறத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜல்லியிலும் மணலிலும் இருக்கும் இரும்புச் சத்து சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இப்படிச் சிவக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏற கான்கிரீட்டின் வலு குறையும், ஆறின பிறகும் திரும்பாது. 600 டிகிரி அளவில் நிறம் மறுபடி சாம்பலாகி வெளுக்கும். அதனால் சிவப்பு இல்லாத இடம் எல்லாம் நல்ல இடம் என்றும் சொல்லிவிட முடியாது. எல்லா ஜல்லியும் ஒரே மாதிரி சிவக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பார்க்க வேண்டியது சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. சிறு உளியால் இரண்டு மூன்று இடத்தில் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பி வரைக்கும் சிவந்திருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம்.

சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'டப் டப்' என்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. அப்புறம் ரீபவுண்டு ஹாமர் (சுத்தி எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பது), அல்ட்ராசோனிக் (ஒலி அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) சோதனை இரண்டும் செய்து, எரிந்த பகுதியையும் எரியாத பகுதியையும் ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் கோர், அதாவது உருளையாகத் துளைத்த ஒரு துண்டு, எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். இந்த முடிவுகள் வருமுன் யாராவது பூச்சு பூசினால் நோயை மூடி வைப்பதுதான் அது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒயர், பைப், ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் என்று எரிந்ததில் பி.வி.சி. நிறைய இருந்திருக்கும். அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகும். கம்பியைத் தின்பது குளோரைடுதான், நம் கடற்காற்றில் ஏற்கெனவே அது இருக்கிறது. கான்கிரீட் தூள் எடுத்துக் குளோரைடு சோதனைக்கும் கொடுங்கள்.

பதில்: ஒயரிங் வேலை, பரமக்குடி

மெயினை அணைத்தே வையுங்கள். ஃபேன், ஏ.சி. எதையும் "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்கக் கூடாது. கரி மின்சாரத்தைக் கடத்தும், ஃபேன் சுற்றினால் வீடு முழுக்கப் பரவும். அடுப்பங்கரை ஒயரைச் சரிபார்ப்பதில் அர்த்தமில்லை, முழுக்க மாற்றுங்கள். மற்ற அறைகளுக்கு மெக்கர் (ஒயரின் உறை பழுதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்த பிறகே இணைப்பு.

பதில்: சர்வே வேலை பார்த்தவன்

சர்வேயர் பார்க்கும்வரை எரிந்த பொருளை அப்புறப்படுத்தாதீர்கள். அணைத்த நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு எழுதிக் கொடுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு வந்திருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியாக இருந்தால், பொறியாளர் கட்டணம் க்ளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரை, இடிபாடு அகற்றும் செலவு 2 சதவீதம் வரை கிடைக்கும். மேலே அண்ணன் சொன்ன சோதனைகளுக்குப் பொறியாளரைத் தயங்காமல் வையுங்கள். பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: சுண்ணாம்பு வேலை, காரைக்குடி

காக்கா, முன்கட்டுச் சுவரில் சிமெண்ட் ஏற்றவே கூடாது. பவளக்கல் கடலிலிருந்து வந்த கல். உப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்ததால்தான் இத்தனை காலம் நின்றது. மேலே சிமெண்டையும் புட்டியையும் அடைத்தால் உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். அந்தக் கல்லுக்கு மாற்றுக் கல்லும் கிடையாது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். இருக்கிற கல்லைக் காப்பாற்றினால்தான் உண்டு.

"காயட்டும்" என்று விட்டாலும் உப்பேறிய சுவர் தானாகக் காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் பாதி இரவுகள் அப்படித்தான். பகலில் காய்ந்த சுவர் விடியற்காலையில் தொட்டால் பிசுபிசுக்கும். அதனால் உப்பை வெளியே எடுக்க வேண்டும்.

எப்படி என்றால்: சுவரில் ஆயில் பெயிண்ட், டிஸ்டெம்பர் இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். அப்புறம் வெள்ளைக் காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கூழாக அரைத்து, விரல் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். அது காயும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு, ஓரம் சுருண்டு தானாகப் பெயரும். கூழில் உப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

கேட்பவர்: நடுத்தெரு வீடு

அல்ஹம்துலில்லாஹ், தொட்டி அடுப்பங்கரைக்கு மேலேதான் இருந்தது. காலி செய்து ஜாக்கியும் வைத்தாயிற்று. கொத்தனாரிடம் பேசினேன், நிறுத்தி வைத்திருக்கிறார். நல்ல தண்ணீர் என்றால் போர் தண்ணீர் ஆகாதா? கரியைத் தம்பி ஈரத்துணியால் துடைக்கலாமா? கூடத்து உத்தரம் ஒரு முனையில் கருகியிருக்கிறது, மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டடப் பொறியாளர், ராமநாதபுரம்

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் கரையில் அது பெரும்பாலும் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். லாரித் தண்ணீர் என்றால் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

கரிக்கு ஈரத்துணி கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள கரி, துடைத்தால் பூச்சுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். சர்வேயர் பார்த்த பிறகு முதலில் வாக்குவம் கிளீனர், குழாயின் வாய் சுவரில் உரசாமல். அடுத்து காய்ந்த ஸ்பாஞ்ச், ஒரே திசையில், கறுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. கடைசியாகத்தான் சோப்புத் தண்ணீர், அதுவும் டைல்ஸ், இரும்பு மாதிரி தண்ணீர் உறிஞ்சாத இடங்களில். என்-95 மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல் தம்பியை இறக்காதீர்கள்.

பதில்: சுண்ணாம்பு வேலை, காரைக்குடி

உத்தரத்தை மாற்ற அவசரப்படாதீர்கள். மரம் எரியும்போது மேலே படியும் கரியே உள்மரத்துக்குச் சூடு போவதைக் குறைக்கும். இழைப்புளியால் கரியைச் செதுக்குங்கள், தேக்கின் நிறம் வந்ததும் நிறுத்தி, மிச்சம் எவ்வளவு கனம் என்று அளந்து பொறியாளரிடம் சொல்லுங்கள். சுவருக்குள் புகுந்திருக்கும் முனையைக் கட்டாயம் குத்திப் பாருங்கள், ஈரம் தேங்குவது அங்கேதான்.

வாடையைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். சாம்பிராணியும் ஸ்பிரேயும் அதை மறைக்கும், போக்காது. கரியை எடுத்த பின் சுண்ணாம்பு அடித்தால் ஓரளவு அடங்கும்.

கேட்பவர்: நடுத்தெரு வீடு

பொறியாளரும் சர்வேயரும் வந்து பார்த்துவிட்டார்கள். ஃபிரிட்ஜுக்கு நேர் மேலே மட்டும் சிவப்பு கம்பி வரை போயிருக்கிறது, மற்ற இடத்தில் பூச்சோடு நின்றுவிட்டது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து மைக்ரோ கான்கிரீட் (பழுதுபார்க்கும் பொடி ஜல்லிக் கலவை) போடச் சொல்கிறார் பொறியாளர். குளோரைடு முடிவு வந்ததும் தொடங்குவோம். உம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், பொங்கலுக்கு முன் முடியாது என்று. "நல்லா செய்யட்டும் வாப்பா" என்றார்கள்.

பதில்: சுண்ணாம்பு வேலை, காரைக்குடி

சரி காக்கா. மழைக்காலத்தில் காகிதக் கூழ் வேலையை மட்டும் நடத்துங்கள். பகலில் வெயில் இருந்தால் ஜன்னலைத் திறந்து ஃபேனை வெளி லைனிலிருந்து போட்டுச் சுவர் ஓரமாக ஓட விடுங்கள், மாலையில் மூடிவிடுங்கள். தை பிறந்து வாடைக் காற்று தணிந்த பிறகு, ஒரு முழப் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரவு முழுக்கச் சுவரில் விடுங்கள். காலையில் உள்பக்கம் வேர்க்காமல் இருந்தால் சொல்லுங்கள், பூச்சுக்குக் கடுக்காய்த் தண்ணீரும் சுண்ணாம்பும் தயார் செய்கிறேன்.