42-இல் 17 போனால் 35: கழித்தலில் தடுமாறும் பிள்ளைகள், உங்கள் அனுபவம் என்ன?

ஓசூர் அம்மா:
என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நூறு வரை தடங்கல் இல்லாமல் சொல்வாள். இரண்டு இலக்கக் கூட்டலும் வருகிறது. கழித்தல்தான் சிக்கல். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறாள். 61-இலிருந்து 28-ஐக் கழித்தால் 47 வருகிறதாம். பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கச் சொல்லி நானும் பார்த்தேன், வகுப்பு ஆசிரியையும் பார்த்தார். "வாங்கிய கடனை எப்போது திருப்பித் தர வேண்டும்?" என்று என்னையே கேட்கிறாள். உங்கள் வீட்டில் இது எப்படிச் சரியானது?

தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:
அந்த 35 கவனக்குறைவால் வந்ததல்ல, அம்மா. இரண்டு விடைகளையும் பாருங்கள். ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். முதல் வகுப்பில் நாங்கள் சொல்லிக் கொடுத்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள், அவ்வளவுதான். 42 என்பது நான்கு பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது அவள் கைக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் இருக்கிறார்கள். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியதிலிருந்து, வகுப்பைப் பார்க்காமல், எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் தொடக்க நிலையான அரும்பில் இருப்பதும் உண்டு. கழித்தலுக்கு நான் நம்புவது விளக்குமாற்று ஈர்க்குச்சியைத்தான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, "எனக்குப் பதினேழு கொடு" என்பேன். ஒரு கட்டை உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்து ஏழு குச்சி வேண்டும், கையில் இரண்டுதான் உதிரி. அந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் விழிப்பார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றும். போன ஆண்டு ஒரு பையன் கழற்றவே இல்லை. இன்னொரு முழுக் கட்டையும் என்னிடம் நீட்டி, "மீதி மூணு குடுங்க டீச்சர்" என்றான்! கணக்கு சரியாகத்தானே வருகிறது? நான் மூன்று குச்சியைத் திருப்பிக் கொடுத்தேன்.

குச்சியில் பழகிய பிறகுதான் நோட்டுக்குப் போக வேண்டும். ஆனால் மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுன் பாரத்தின் இலக்குப்படி முதல் வகுப்பு முடிவில் 99 வரையும், இரண்டாம் வகுப்பில் 999 வரையும், மூன்றாம் வகுப்பில் 9999 வரையும் எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்தால் எங்களுக்கும் பதற்றம் வந்துவிடுகிறது. குச்சிக் கட்டு சீக்கிரமே அலமாரிக்குப் போய்விடுகிறது.

கோவை அப்பா:
நூறு வரை சொல்வதை நான் பெரிதாக நம்புவதில்லை. என் மகன் யூகேஜி படித்த தனியார் பள்ளியில் தினமும் ஒன்று முதல் நூறு வரை எழுதி வரச் சொன்னார்கள். ஒருநாள் அவன் எழுதுவதை அருகில் இருந்து பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதவில்லை. முதலில் ஒரு பத்தி முழுக்க மேலிருந்து கீழாக 1, 1, 1 என்று போட்டான். பிறகு அதன் பக்கத்தில் 1, 2, 3 என்று இறங்கினான். அடுத்த பத்திக்கு 2, 2, 2. பக்கம் அழகாக நிரம்பிவிட்டது. மறுநாள் நட்சத்திரமும் கிடைத்தது. "முப்பதுக்கு முன்னால் எது?" என்றால் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருவான். 19, 21 இரண்டில் எது பெரியது என்றால் 19 என்பான். ஒன்பது பெரியதாம்.

ஓய்வுபெற்ற நடத்துநர், கும்பகோணம்:
நான் பள்ளியில் சேர்ந்தபோது, ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கு போய், ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்து ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் அணாவில்தான் பேசுவார்கள். ஓரணாவுக்கு 6 பைசா, ஆனால் நாலணாவுக்கு 25 பைசா. நாலாறு இருபத்துநாலுதானே, மிச்ச ஒரு பைசா எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு ரூபாயைப் பதினாறாகப் பங்கு போட்டுக் காட்டினார். ஓரணா ஆறேகால் பைசா, அந்தக் காலைக் கையில் கொடுக்க முடியாது என்றார். அன்றைக்குப் புரிந்த அளவுக்குப் பள்ளியில் எதுவும் புரியவில்லை.

பஸ்ஸில் நான் ஒருநாளும் கடன் வாங்கிக் கழித்ததில்லை. 17 ரூபாய் டிக்கெட்டுக்கு 42 ரூபாய் நீட்டினால், 17-க்கு மேல் மூன்று போட்டால் 20, அதற்கு மேல் இருபது போட்டால் 40, இன்னும் இரண்டு. ஆக 25. கூட்டிக்கொண்டே போவதுதான். ஓசூர் அம்மா, பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போய்ச் சில்லறையை அவள் கையில் வாங்க வையுங்கள். இப்போது எல்லோரும் ஃபோனைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறீர்கள். பிள்ளைகள் சில்லறையை எங்கே பார்ப்பார்கள்?

யாழ்ப்பாணத்தவன், கிழக்கு லண்டன்:
நடத்துநர் ஐயா சொன்ன முறையைத்தான் இங்கே வெற்று எண்கோடு, அதாவது எண்கள் குறிக்காத வெறும் கோடு, போட்டுப் படிப்பிக்கிறார்கள். 17-இலிருந்து 42-க்குத் தாவிப் போவது. என் மகனுக்குக் கழித்தல் அப்படித்தான் பிடிபட்டது.

ஆனால் மனப்பாடமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது எட்டு ஒன்பது வயதில், ஜூன் மாதம் வாய்ப்பாட்டுச் சோதனை இருக்கிறது. 2022 முதல் அரசுப் பாடசாலைகளில் கட்டாயம். கணினியில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 வினாடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. வீடுகளில் நடக்கும் அமளியைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மகன் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து பாடமாகச் சொல்வான். ஏழெட்டு எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் ஓரேழில் தொடங்குவான். ஆறு வினாடி போய்விடும். ஏழு நாலு இருபத்தெட்டு, அதை இரட்டித்தால் 56 என்று பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த இருபத்தெட்டு மனப்பாடமாக இருந்ததால்தான் இரட்டிக்க முடிந்தது. பாடசாலைக்கு நடக்கும்போது வரிசை மாற்றி மாற்றிக் கேட்டேன். மனைவிக்கு அலுத்துப்போய்விட்டது.

ஓசூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஈர்க்குச்சி வேலை செய்கிறது. 42-17 இப்போது நோட்டிலும் சரியாக வருகிறது. சில்லறையும் வாங்கிப் பார்த்தோம், கடைக்காரருக்குத்தான் பொறுமை இல்லை. இப்போது அடுத்த தலைவலி: 302-இலிருந்து 48. நடுவில் பூஜ்யம் இருப்பதால், "அங்கே ஒன்றுமே இல்லையே, எதை அவிழ்ப்பது?" என்கிறாள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டுங்கள், அது நூறு. அப்படி மூன்று பெரிய கட்டும் இரண்டு உதிரியும் கொடுங்கள். ஒரு பெரிய கட்டை அவிழ்த்தால் பத்துச் சிறு கட்டுகள் கிடைக்கும். அதில் ஒன்றை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டாகிவிடும், சிறு கட்டு ஒன்பது மிஞ்சும். அந்த ஒன்பதை அவளே எண்ணிப் பார்க்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். 254 வரும். முந்நூறு குச்சிக்கு ஒரு விளக்குமாறு போதாது, இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.