பழைய ஊர்த்தலைவர் வீட்டை இடிக்கப் பார்க்கிறார்கள், ஒகினாவா வீடு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரைவாசி:
எங்கள் தெருவில் அந்தக் காலத்து ஜமாஅத் தலைவர் ஒருவருடைய வீடு இருக்கிறது. பவளக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, பெரிய திண்ணை, மேலே நாட்டு ஓடு. வாரிசுகளில் பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் துபாய், இடித்துவிட்டு கான்கிரீட் எழுப்பலாம் என்று பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜப்பானில் ஒகினாவா தீவில் ஊர்த்தலைவர் குடும்பத்து வீடு ஒன்று இத்தனை புயலுக்கும் நிற்கிறதாமே, எப்படி?

மண்டபத்தான்:
காக்கா, நீங்கள் கேட்பது நாகமுரா குடும்பத்து வீடாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ மன்னர் காலத்தில் அந்தக் குடும்பம்தான் ஊர் நிர்வாகம் பார்த்தது. சரிவை வெட்டிச் சமன் செய்து, வீட்டைத் தாழ்வாகக் கட்டி, சுற்றிக் கல்மதில் போட்டு, புகுகி என்கிற மரத்தை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள், அதனால் வருகிற காற்று முதலில் மரத்தில் முட்டி, அப்புறம் மதிலில் முட்டி, கடைசியில்தான் கூரைக்கு வரும். வாசலுக்கு நேரே தனியாக ஒரு கல்சுவர் வேறு, தெருவில் போகிறவன் கண்ணும் உள்ளே போகாது. சிவப்பு ஓடுகளின் இடுக்கெல்லாம் சுண்ணாம்புச் சாந்து. இதில் ஒரு வேடிக்கை, சாமானியர் ஓடு போடக்கூடாது என்ற தடை 1889 வரை இருந்தது, ஆகவே தலைவர் வீடாக இருந்தும் முதலில் புல்கூரைதான்! 1945 போரில் தீவின் தென்பாதி நாசமானபோதும் இது தப்பியது. 1972இல் ஜப்பான் அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

பாம்பன்காரன்:
எல்லாம் சரி தம்பி, அங்கே அரசாங்கம் பின்னால் நிற்கிறது, இங்கே யார் நிற்பார்? அப்புறம் தலைவர் வீடு என்றதும் எல்லாரும் உருகுகிறோம். அந்த நாகமுரா வீட்டில் தலைநகர் அதிகாரிகள் வந்தால் தங்கத் தனிக்கட்டு, நெல் வைக்க உயரக் களஞ்சியம், பன்றிக்குக்கூடக் கல்லில் தொழுவம். ஊரார் உழைப்பில்லாமல் இவ்வளவும் வந்திருக்குமா? வீட்டைக் காப்பாற்றுங்கள், ஆனால் அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டபத்தான்:
அண்ணே சொல்வது நியாயம்தான். அதனால்தான் களஞ்சியம், அடுக்களை, தொழுவம் எல்லாம் சேர்ந்து இருப்பது முக்கியம் என்கிறேன். முன்கூடம் மட்டும் மிஞ்சியிருந்தால் பெருமை மட்டும்தான் தெரியும்.

தொண்டிக் கொத்தனார்:
கட்டட வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பவளப்பாறை இப்போது வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, மன்னார் வளைகுடாவில் கல் எடுக்க முடியாது. இடித்தால் அதே மாதிரி திரும்பக் கட்டவே முடியாது என்று வாரிசுகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். கான்கிரீட் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதினால் தளம் பெயர்ந்து விழும். இடிக்காமல் விட்டாலும், விரிசலை அடைக்கிறேன் என்று சிமெண்ட் பூச மட்டும் விடாதீர்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பு உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். சுண்ணாம்புதான் பூச வேண்டும், அதற்கும் முன்னால் ஓட்டு ஒழுகலை நிறுத்துங்கள். ராமேஸ்வரம் மசூதித் தெருவில் கலாம் வீட்டு மாடியைக் காட்சிக்கூடமாக்கியதை வாரிசுகள் ஒருமுறை பார்க்கட்டும். பத்திரம் யார் பேரில் இருக்கிறது காக்கா?